இரண்டு தட்டும் ஓர் ஒடுக்கும்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் தெருவில் இருந்தவர்கள்: காரை ஓட்டும் இருக்கையில் நான், காருக்குப் பின்னால் அப்பா, வாசலில் ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி அம்மா, எதிர்வீட்டுச் சித்தப்பா, வேடிக்கை பார்க்க வந்த ஏழெட்டுப் பேர். இல்லாதவள் அக்கா மட்டும்தான். அவளைக் குத்தாலத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் இருந்திருந்தால் கார் ஒடுங்கியிருக்காது. பேச்சுக்காக இதைச் சொல்லவில்லை. அப்பா ஒரு வண்டியைத் தட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊர் கீழ்வேளூர் பக்கம். அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் லோடுமேன். அறுவடைக் காலத்தில் மூட்டை தூக்குவார், மற்ற நாட்களில் கிடைத்த வயல் வேலைக்குப் போவார். நான் ஆறாம் வகுப்பிலிருந்தே விடுதிப் பிள்ளை. விடுமுறைக்கு வந்து போகிற விருந்தாளி மாதிரிதான் வீட்டில் வளர்ந்தேன். படித்து முடித்துத் தஞ்சாவூரில் ஒரு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளரான இரண்டாம் வருடம், பழைய மின்சாரக் கார் ஒன்றைக் கடனில் வாங்கினேன். வாராவாரம் ஊருக்கு வந்துபோக பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாது என்று கணக்குப் பார்த்து வாங்கியது. முதல் முறையாக அதை எங்கள் தெருவுக்குள் கொண்டுவந்த அன்று அப்பா முன்பக்க மூடியில் காதை வைத்துக் கேட்டார். "என்னடா, ஓடுதா நிக்கிதா?" என்றார். ஓடுகிறது என்றேன். "கரண்டு வருமா வருமான்னு பம்புசெட்டப் பாத்துக்கிட்டு நிப்போமே, அப்புடில்ல இருக்கு" என்று சொல்லி அவரே சிரித்தார். அந்த 'என்னடா'வை நான் அன்று கவனிக்கவில்லை. காற்றைப் போல அது எப்போதும் இருந்தது.

அன்று மாலையே தஞ்சாவூருக்குக் கிளம்பும்போது காரைத் திருப்ப இடமில்லை. பின்னாலேயே எடுத்துத் தெருமுனை வரை போக வேண்டும். முனையில் தண்ணீர் வராத பழைய கைப்பம்பு ஒன்று நிற்கிறது. யாரும் சொல்லாமலே அப்பா ஓடிப்போய்ப் பின்னால் நின்றுகொண்டார். லாரிகளுக்குச் சொல்கிற அதே குரலில் "வா... வா... வா..." என்றார். நான் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டிருந்தேன். குரல் பாதிதான் உள்ளே வந்தது. திடீரென்று பின்பக்கத் தகட்டில் அவர் உள்ளங்கை இரண்டு முறை அடுத்தடுத்து விழுந்தது. மூன்று வருடம் விடுதியிலிருந்து கல்லூரிக்குப் பேருந்தில் போய்வந்தவன் நான். ஒரு விசில் என்றால் நிற்கும், இரண்டு விசில் என்றால் போகும். என் கால் தானாகவே ஆக்ஸிலரேட்டரை அழுத்தியது. இந்த வண்டி உறுமிவிட்டு நகருகிற வண்டி இல்லை. அழுத்தினால் அந்த நொடியே பாயும். அப்பா ஓரமாகத் தாவியதைக் கண்ணாடியில் பார்த்தேன். அதன் பிறகுதான் கார் கைப்பம்பில் மோதிய சத்தம் கேட்டது.

இறங்கி ஓடினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிற விஷயம், நான் முதலில் பார்த்தது காரைத்தான். பின்பக்க இடது ஓரத்தில் சோற்றுத்தட்டு அகலத்துக்குத் தகடு உள்ளே போயிருந்தது. "படிச்ச புள்ள காரப் போயி நெல்லு லாரின்னு நெனச்சுட்டியே அண்ணே" என்று சித்தப்பா சிரித்தார். கூட்டமும் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் சொன்னேன்: "தெரியலன்னா பேசாம ஓரமா நிக்க வேண்டியதுதானப்பா. ஒன்னய யாரு பின்னால வந்து நிக்கச் சொன்னா?"

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். கையில் ஒன்றுமே இல்லை. "தெரியாமப் பண்ணிட்டேங்க" என்றார். நான் கதவைச் சாத்தியபோது, சற்றுத் தள்ளி நின்று, "பாத்துப் போங்க" என்றார்.

ஏதோ பதற்றத்தில் வாய் தவறிவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிறு போனபோதும் "வாங்க" என்றார். "சாப்புடுறீங்களா?" என்றார். கோபத்தில் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சின்ன வயதில் அப்பாவோடு பண்ணை வீட்டுக் களத்துக்குப் போயிருக்கிறேன். அந்த வீட்டில் என் வயதுப் பையன் ஒருவன் அப்பாவை 'நீ' என்பான், அப்பா அவனை 'நீங்க' என்பார். திரும்பி வரும் வழியில் வாய்க்கால் தாண்டியதும் அப்பா என்னை 'வாடா' என்று தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். அந்த வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வேறு பேச்சு என்று அப்போதே எனக்குத் தெரியும். இப்போது எங்கள் வீட்டுக்குள்ளேயே நான் அப்பாவை 'நீ' என்கிறேன், அப்பா என்னை 'நீங்க' என்கிறார். இதைச் சரிசெய்யலாம் என்று நானும் 'நீங்க' என்று பேசிப் பார்த்தேன். இன்னும் மோசமாகப் போயிற்று. இரண்டு பேர் ஒரே வீட்டில் உட்கார்ந்து அலுவலகத்தில் பேசிக்கொள்வது போலப் பேசிக்கொண்டோம்.

அக்காவிடம் போனில் நடந்ததைச் சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டு நின்ற பிறகு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனவள் அவள்தான். லாரி கிளம்பும்வரை மூட்டை நிழலில் உட்கார்ந்திருப்பாள். "ஒரு தட்டு தட்டுனா போலாம், ரெண்டு தட்டுனா நில்லுன்னு அர்த்தம்டா. ஆபத்துன்னா கை தானா ரெண்டு தடவ தட்டிரும்னு அப்பா சொல்லும்" என்றாள். பிறகு, "அதுகூடவா ஒனக்குத் தெரியாது?" என்று கேட்டாள். திட்டவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். அப்பா தப்பே செய்யவில்லை. நில்லு என்றுதான் சொல்லியிருக்கிறார். இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

அந்த ஒடுக்கை எடுத்துவிட்டால் அந்த 'ங்க'வும் போய்விடும் என்று எப்படியோ எனக்குத் தோன்றியது. கார் பழையபடி ஆனால், அது ஒன்றுமேயில்லையப்பா, பார், என்று காட்டிவிட்டு மன்னிப்புக் கேட்பதாக நினைத்துக்கொண்டேன். கம்பெனி சர்வீஸ் சென்டரில் அந்தப் பக்கத் தகட்டையே அறுத்து மாற்ற வேண்டும், நாற்பத்திரண்டாயிரம் ஆகும் என்றார்கள். என் இன்சூரன்ஸில் சொந்த வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. தஞ்சாவூரில் டிங்கர் கடைகளுக்குக் கொண்டுபோனால், கரண்டு வண்டி என்று தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டார்கள். வெல்டிங் வைத்து ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் தாராளமாகவே, "பேட்டரியக் கழட்டி வீட்ல வச்சுட்டு வண்டிய மட்டும் கொண்டாங்க தம்பி" என்றார், டார்ச் லைட்டுக்குச் சொல்வது போல. வண்டியின் அடிப்பகுதி முழுவதும் பேட்டரிதான் என்று சொன்னேன். குனிந்து பார்த்துவிட்டு, டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார். மன்னார்குடியில் ஒருவர் பட்டி பூசி பெயிண்ட் அடிக்கப் பன்னிரண்டாயிரம் கேட்டார், கலர் ஒத்துவராது என்றும் சொன்னார். மூன்று வாரம் இப்படியே அலைந்தேன். சனிக்கிழமைகளில் ஊர் ஊராக, யாரும் இல்லாத காரில், சத்தமே இல்லாமல்.

நாலாவது வாரம் அம்மா போன் செய்தாள். "முத்துப்பேட்டையில ஒரு பாய் இருக்காராம். பெயிண்டு அடிக்காமலே எடுத்துருவாராம். ஒங்கப்பா சொல்லச் சொன்னாரு" என்றாள். அவர் பக்கத்தில்தான் இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார் என்றாள். போனை அவரிடம் கொடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாயின் பட்டறை கடைத்தெரு தாண்டி, தகரக் கொட்டகை. ஷார்ஜாவில் பத்து வருடம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். மின்சார வண்டி என்று சொன்னதற்கு அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பின்பக்கம் வந்து ஒடுக்கைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஆணியில் தொங்கிய ஒரு சணல் நூலை எடுத்துவந்து ஒடுக்கின் மேல் நீட்டிவைத்தார். சாக்கு தைக்கிற நூல். மூன்று முடிச்சு போட்டிருந்தது. நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, எவ்வளவு ஆழம் என்பதற்கு ஒன்று. மூன்றும் அச்சாகப் பொருந்தின.

"நூலு கொண்டாந்தவரு ஒங்க அப்பாவா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அப்பா பஸ் பிடித்துத் திருத்துறைப்பூண்டியில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டு இங்கே வந்தாராம். போட்டோ இல்லையா என்று பாய் கேட்டிருக்கிறார். இந்த நூலைக் காட்டினாராம். நாலாயிரம் என்றதற்கு அரைமணி நேரம் நின்று பேசி மூவாயிரத்து ஐந்நூறுக்குக் கொண்டுவந்து, ஐந்நூறு ரூபாய் அச்சாரமும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "மவன் வண்டின்னு ஒரு வார்த்த சொல்லல தம்பி. 'எங்க சார் வண்டிங்க, என்னால ஒடுங்கிப் போச்சு'ன்னாரு. யாரோ ஒரு ஆபீசர்கிட்ட வேல பாக்குறாரு போலன்னு நெனச்சேன். இப்ப ஒங்க மூஞ்சியப் பாத்ததும்தான் தெரியுது" என்றார் பாய்.

அன்று பகல் முழுவதும் ஒரு பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தேன். பாய் உள்பக்க அட்டையைக் கழற்றி, நீளமான கம்பியை விட்டு, உள்ளேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தகட்டை வெளியே தள்ளினார். ஓர் அழுத்து, ஒரு தடவல், மறுபடி ஓர் அழுத்து. வெல்டிங்கும் இல்லை, பெயிண்டும் இல்லை. சாயங்காலம் பார்த்தபோது தென்னைமரத்தின் நிழல் அந்தத் தகட்டில் எங்கேயும் நெளியாமல் நேராக விழுந்தது. நூல் மறுபடி ஆணிக்குப் போய்விட்டது. அதைக் கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்கவில்லை.

அங்கிருந்து நேராக ஊருக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அப்பா வந்து உள்ளங்கையால் அந்த இடத்தைத் தடவினார். "எங்க இருந்துச்சுன்னே தெரியல" என்றார். "நீங்க ரெண்டு தட்டு தட்டுனது நில்லுன்னு அக்கா சொன்னுச்சுப்பா. எனக்குத்தான் தெரியல" என்றேன். இவ்வளவுதான் வந்தது. அப்பா காரைப் பார்த்துக்கொண்டே, "லோடு வண்டிக்கு அது சரி. காருக்கு என்னான்னு நமக்கு எப்புடித் தெரியும்?" என்றார். பிறகு, "நேரமாச்சு, கெளம்புங்க" என்றார். அன்று நான் காரைப் பின்னால் எடுத்தபோது அவர் வாசலிலேயே நின்றார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. அதற்குப் பிறகு அவர் ஒருமுறைகூட அந்தக் காருக்குப் பின்னால் வந்து நிற்கவில்லை. என்னை ஒருமுறைகூட 'டா' போட்டும் கூப்பிடவில்லை.

அப்பா இறந்துபோய் இரண்டு குறுவை அறுவடை ஆகிறது. நான் இப்போது இருக்கும் தஞ்சாவூர்க் குடியிருப்பில் வாசல் குறுகலானது. தினமும் காலையில் காவலாளி பின்னால் நின்று வழி காட்டுவார். எல்லாம் சரியாக இருந்தால் கார் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவார். ஒவ்வொரு முறையும் என் கால் பிரேக்குக்குப் போகிறது. வண்டி அப்படியே நிற்கிறது. சத்தம் இல்லாததால் ஓடுகிறதா நிற்கிறதா என்று அவருக்குத் தெரிவதில்லை. பக்கவாட்டில் வந்து குனிந்து, "ரெண்டு தட்டு தட்டிட்டேனே சார், போங்க" என்பார். போவேன்.

அவர் கை விழுகிற இடம்தான் அந்த ஒடுக்கு இருந்த இடம். விரல் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாய் சுத்தமாகத்தான் எடுத்துக் கொடுத்தார். அதற்கு எங்கள் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஆன செலவு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். என்னுடையது மூவாயிரம், அப்பாவுடையது ஐந்நூறு.