இரவல் சோபா

அக்காவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் ஒழுங்கான நாற்காலி இல்லை என்பது அம்மாவின் கண்ணில் பட்டது. அதுவரை நாங்கள் பாயில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம், படித்தோம், சண்டை போட்டோம்.

தாதியர் படிப்புக்கான மூன்று வருடக் கட்டணத்துக்கு அக்கா ஓர் அறவாரியத்திடம் உதவி கேட்டிருந்தாள். கோல சிலாங்கூர் தோட்டத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் வந்து நிலைமையைப் பார்ப்பார்கள், அவர்கள் எழுதிக்கொடுப்பதை வைத்துத்தான் முடிவு என்று பதில் வந்தது. கிடைக்காவிட்டால் ரவாங்கில் கையுறைத் தொழிற்சாலை வேலைதான். அங்கே ஓவர்டைம் செய்தாலே தாதி சம்பளம் வந்துவிடும் என்பார் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய அப்பா. அதைக் கேட்கும்போதெல்லாம் அக்கா எழுந்து வெளியே போய்விடுவாள்.

அவர்கள் வரும் சனிக்கிழமை காலையில் அம்மா பக்கத்து வீட்டு சோபாவை அப்பாவிடம் சொல்லித் தூக்கிவர வைத்தாள். தோட்டத்து வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் வீட்டிலிருந்து பெரிய டிவி வந்தது. இணைப்பு இல்லாவிட்டாலும் பார்க்க லட்சணமாக இருந்தது. கண்ணாடி கிளாஸ்களும் இரவல்தான். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

“எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துரும்மா. நம்ம கஷ்டத்தப் பாக்கத்தான் வர்றாங்க.”

“கஷ்டத்த எதுக்குக் காட்டணும்? உன் மார்க்கப் பாக்கட்டும்” என்றாள் அம்மா.

கார் வந்து நின்றபோது அக்கா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு வலித்தது.

வந்தவர்களில் கோப்பு வைத்திருந்த பெண்மணிதான் கேள்வி கேட்டார். சோபாவைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், எழுதினார். அப்பாவின் சம்பளச் சீட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். அம்மா தேநீர் எடுக்க உள்ளே போயிருந்தாள். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டு, பேசாமல் இருந்துவிட்டாள்.

“டிவி புதுசா பாப்பா?” என்று அந்தப் பெண்மணி என்னிடம் கேட்டார்.

எனக்கு எட்டு வயது. வகுப்பில் பதில் தெரிந்தால் முதலில் கை தூக்குகிறவள். “எங்களது இல்ல ஆண்ட்டி. மண்டோர் வீட்டுது. சோபா பக்கத்து வீட்டுது. அம்மா கொண்டு வர்ற கிளாஸ்கூட எங்களது இல்ல.”

அம்மா தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு வந்து எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள். சீனி போதுமா என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெண்மணி முன்பு எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. அக்கா அழுதாள், என்னைத் தூக்கிச் சுற்றினாள். என்னால்தான் கிடைத்தது என்று நான் பள்ளி முழுக்கப் பீற்றிக்கொண்டேன். நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதனால் அவளுக்கும் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டேன்.

காசோலை கொடுக்கும் நிகழ்ச்சிக்குப் பெற்றோர் இருவரையும் அழைத்திருந்தார்கள். அம்மா முதல் நாளே சேலைக்கு இஸ்திரி போட்டு வைத்தாள். கிளம்பும் நேரத்தில் வயிற்று வலி என்று படுத்துவிட்டாள். மண்டபத்தில் அவளுக்குப் போட்டிருந்த நாற்காலியில் நான்தான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்மணி என்னை அடையாளம் கண்டு, கன்னத்தைத் தட்டி, அம்மா எங்கே என்று கேட்டார்.

வயிற்று வலி என்றேன். அன்றும் உண்மையைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தேன்.