கையெழுத்துக்கு முன் ஒரு தேவாலயம்

2004 டிசம்பர், ஒரு சனிக்கிழமை. காலை 11.10க்கு, ஒஸ்லோவின் ஓரத்தில் நாங்கள் இருக்கும் குரோருட்டில் சுரங்க ரயில் ஏறினோம். பூச்சியத்துக்குக் கீழே ஆறு பாகை குளிர். கூட வந்தவர்கள் பத்து வயது மகள் அபிராவும் ஆறு வயது மகன் துவாரகனும். என் பைக்குள் பள்ளிக்கூடத்துக் கடிதம். அபிராவின் வகுப்பு நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், வழிபாட்டுக்கு ஒஸ்லோவின் பழைய கல் தேவாலயத்துக்குப் போகிறதாம். பெற்றோர் சம்மதித்தால் பிள்ளை போகலாம், இல்லாவிட்டால் வகுப்பறையில் இருக்கலாம். போன வருடம் 'வேண்டாம்' என்று போட்டவன் நான்தான். சைவப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? இந்த முறை அவள் இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். சரி, முதலில் நான் போய்ப் பார்க்கிறேன் என்றேன்.

11.30க்கு நகர மையத்தில் இறங்கினோம். அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலான நடை, கடைசித் துண்டு ஏற்றம். வழியில் சூடான சாக்லேட், கோப்பை இருபது குரோனர். அநியாய விலை!

12.05. காம்லெ ஆக்கர் தேவாலயம். நகரில் நிற்கும் கட்டடங்களில் இதுதான் மிகப் பழையது, ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டு என்கிறார்கள். சாம்பல் கல், தடித்த சுவர், சின்ன ஜன்னல்கள். சுற்றிவரக் கல்லறைகள், அவற்றின்மேல் பனி.

கோயிலில் சுற்றிப் பழகிய கால் சும்மா இருக்குமா? பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வெளிவீதி சுற்றத் தொடங்கிவிட்டேன். இரண்டாம் சுற்றில், வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்த பெண்மணி மண்வாரியை நிறுத்தி, ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

"அப்பா, காணும், நிப்பாட்டுங்கோ! வெக்கமாக் கிடக்கு," என்றாள் அபிரா.

"மூண்டு தரம் சுத்தவேணும் பிள்ளை. இன்னும் ஒண்டுதான்."

கோயிலைச் சுற்றிவிட்டுத்தான் நாங்கள் உள்ளே போவோம் என்று அவளே பெண்மணிக்கு விளக்கினாள். பின்பக்கம் சறுக்கும், கவனம் என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார்.

உள்ளே அரை இருட்டு. வெளியே இருந்த குளிர் உள்ளேயும் இருந்தது. மர வாங்கில் மூவரும் அமர்ந்தோம்.

"போன வருசம் எல்லாரும் போயிட்டு வந்து ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டு திரிஞ்சவை," என்றாள் அபிரா. "எனக்கு மட்டும் தெரியாது. நான் வாயை மட்டும் அசைச்சனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லைத்தானே."

பிழை என்னுடையது. கடிதத்தை மடியில் விரித்து 'சம்மதம்' என்று போட்டுக் கையெழுத்து வைத்தேன். கீழே 'பிள்ளையின் விருப்பம்' என்று இன்னொரு கோடு. பேனையை அவளிடம் கொடுத்தேன். கொட்டை எழுத்தில் தன் பெயரை எழுதினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, எங்கடை வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கும் இப்பிடி ஒரு கடிதம் தருவினமோ?"

தரமாட்டார்கள். இத்தனை வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூட நான் அவளைக் கேட்டதில்லை. 'வெளிக்கிடு, போவம்' என்றுதான் சொல்லியிருக்கிறேன்.