பதினாலாம் குழியும் ஒரு திருக்கை மீனும்

முத்தையாபுரத்தில் நேசக்குமார் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘ஐஸ்கட்டி சார்’ வீடு என்றால் பால்காரர்கூட வண்டியை நிறுத்தி வழி காட்டுவார். அதே மாவட்டத்து நாசரேத்தில் பிறந்து, கனடாவின் வடகோடிப் பனியில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனியில் பதினேழு வருஷம் உழைத்தவர். ஊர் திரும்பியதும் முதல் காரியமாகக் கட்டில் அளவுக்கு ஒரு பிரீசர் வாங்கினார். மனைவி ஞானபாய்க்கு அதன்மேல் ஆரம்பத்திலிருந்தே நல்ல எண்ணம் கிடையாது.

அங்கே அவருடைய வேலை சேற்றோடு. பூமியைத் துளைக்கும்போது உப்பும் டீசலும் மருந்தும் கலந்த சேற்றை உள்ளே விட்டு எடுப்பார்கள். வேலை முடிந்ததும் மிச்சச் சேற்றைக் குழியில் கொட்டி மூடிவிடுவார்கள். அந்த ஊர் மண் வருஷம் முழுக்கக் கல்லாக உறைந்து கிடக்கும். எந்தக் காலத்திலும் உருகாது என்று மேலாளர் சொன்னார், நேசக்குமாரும் நம்பினார். நம்புவதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். பதினாலாம் குழிக்கான தாளில் ‘களிமண்ணும் தண்ணீரும்’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அங்கிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் மெயில் அனுப்பியிருந்தாள். பூமி சூடாகி அந்த மண் இளகிவிட்டது. குழி உள்வாங்கி, உப்புத்தண்ணீர் பக்கத்து ஏரிக்குக் கசிகிறது. கம்பெனி இப்போது இல்லை. தாளில் கையெழுத்துப் போட்டவர்களில் கண்டுபிடிக்க முடிந்தது உங்களை மட்டும்தான். ஏரியில் மீன் பிடித்துச் சாப்பிடும் ஜனங்கள் கேட்கிறார்கள், உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது?

நேசக்குமார் அதைத் தினமும் படித்தார். பதில் மட்டும் போடவில்லை. பொய்க் கையெழுத்துப் போட்டேன் என்று இந்த வயதில் எழுதிக் கொடுக்க வெட்கமாக இருந்தது. “அந்தப் புள்ளைக்குப் பதில் போட்டியளா?” என்று ஞானபாய் கேட்கும்போதெல்லாம் “யோசிச்சிட்டிருக்கேன்” என்பார்.

யோசனைக்கு நடுவில் திரேஸ்புரம் கடற்கரைக்குப் போய் முழுசாக ஒரு திருக்கை வாங்கினார். தனியாக மீன் வாங்கக் கூடாதென்று அவருக்கு வீட்டில் தடை உத்தரவு உண்டு. பதினேழு வருஷம் உறைந்த மீனையே பார்த்தவருக்கு எல்லா மீனும் புதுசாகத்தான் தெரியும். பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆள் எழுந்து போய் நின்றுகொண்டபோதுதான் விஷயம் புரிந்தது.

குப்பையில் போட வழியில்லை. குப்பை வண்டிக்காரர் மாடக்கண்ணு, ஒரு வீட்டில் என்ன கெட்டுப்போனது என்பதை அடுத்த வீட்டில் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். தோட்டத்தில் புதைத்தால் நாய் தோண்டும். நேசக்குமாருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். திருக்கையை நாலு பிளாஸ்டிக் பையில் சுற்றி, பிரீசரின் அடியில் போட்டு, தண்ணீர் ஊற்றி உறைய வைத்தார். அதற்கு மேல் ஞானபாயின் மூன்று தூக்குவாளிகளை அடுக்கினார். சர்ச்சில் நடந்த அசன விருந்தில் வாங்கி வந்த கறிக்குழம்பு அது, சென்னையிலிருந்து வரும் மகள் ஜெர்லினுக்காக எடுத்து வைத்தது. அசனக் குழம்பு காவல் இருக்கும்போது அதற்குக் கீழே யார் கிளறப்போகிறார்கள்.

வியாழக்கிழமை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. சனிக்கிழமை காலையில் பிரீசரின் அடியிலிருந்து ஓர் ஓடை கிளம்பி, அடுக்களையைக் கடந்து, ஹாலில் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு விரித்திருந்த ஜமுக்காளத்தில் போய்ச் சேர்ந்தது. அதன் வாடையை விவரித்தால் நீங்கள் மேலே படிக்க மாட்டீர்கள்.

ஞானபாய் பிரீசரைத் திறந்தார், உடனே மூடினார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அடியில என்னத்த வச்சிருக்கிய?” என்று கேட்டார்.

“ஐஸ்தான். வெறும் தண்ணி,” என்றார் நேசக்குமார்.

கடைசியில் மாடக்கண்ணுவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் கையுறை மாட்டி, வாலைப் பிடித்து இழுத்தார். வால் முள் நாலு பையையும் கிழித்திருந்தது. குழம்பு வாளிகள் மூன்றும் அந்தத் தண்ணீரில் சாய்ந்து கிடந்தன.

“அண்ணாச்சி, இது நீங்க வாங்கும்போதே செத்து ஒரு வாரம் ஆயிருக்குமே,” என்றார் மாடக்கண்ணு. குழம்பையும் சேர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு, அதே செய்தியோடு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஞானபாய் சத்தம் போடவில்லை. நேசக்குமாருக்கு அதுதான் கலக்கமாக இருந்தது. “மீன் போனா போட்டும். நேத்தே சொல்லியிருந்தா வாளிய மட்டுமாவது எடுத்து வச்சிருப்பேன்லா,” என்றார்.

நேசக்குமார் வாசற்படியில் உட்கார்ந்து போனை எடுத்தார். கொஞ்சம் சார்ஜ் மிச்சமிருந்தது. பதில் எழுதத் தொடங்கியதும் பழக்க தோஷத்தில் விரல் ‘களிமண்ணும் தண்ணீரும்’ என்றே தட்டியது. பின்னால் நின்ற ஞானபாய் அதைப் படித்தார். முந்தானை இன்னும் மூக்கில்தான் இருந்தது.

“அந்த ஏரிக்கரையிலயும் ஒருத்தி வாளியோட நிப்பா,” என்றார்.

நேசக்குமார் அதை அழித்தார். நாற்பது டன் உப்பு என்று எழுதினார். டீசல் கலந்த சேறு, பெயர் ஞாபகமிருந்த மூன்று மருந்து, மறந்துபோன இரண்டு. அதற்குக் கீழே, ‘எல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். முன்பே சொல்லியிருக்க வேண்டும். மன்னியுங்கள்’ என்று எழுதி அனுப்பினார்.

தெருவில் மாடக்கண்ணு ஐந்தாவது வீட்டு வாசலில் திருக்கையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும் என்று இருந்தது நேசக்குமாருக்கு.