செஞ்சம்மா டீச்சர் எழுதிய ஐந்தாவது பெயர்

சென்ற வியாழக்கிழமை காலை திருப்பதி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் ஓட்டலில் உட்கார்ந்து இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பசி இல்லை. ஆஸ்பத்திரியில் செஞ்சம்மா டீச்சரைப் பார்க்கப் போக வேண்டும். போகத் துணிவில்லாமல் நேரத்தைக் கடத்தினேன். அப்போதுதான் அவருடைய தம்பி எத்திராஜ் போன் செய்தார்.

"அக்கா பூட்ச்சு சார். வண்டி கெளம்பிக்கினு கீது. நீங்க வரவேணாம்னு காலனில பேசிக்கிறாங்க. ஆனா அக்கா, சார் வரணும்னு சொல்லிட்டுப் போச்சு. அப்புறம் உங்க இஷ்டம்."

காலனிக்காரர்கள் என்னை வரவேண்டாம் என்றதில் நியாயம் இருந்தது. டீச்சர் என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். நான் பார்த்ததைச் சொல்லச் சொன்னார். இருபது வருடமாக நான் சொல்லவில்லை. அஞ்சலிக் கட்டுரை எழுதுகிறவன் முதலில் தன் யோக்கியதையைச் சொல்லிவிட வேண்டும். என்னுடையது அவ்வளவுதான்.

அவரை அறியாதவர்களுக்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விஜயபுரம் பக்கம் ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் கரைப்பேட்டை. ஓர் அரிசி ஆலை, ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு மண்டல் பரிஷத் அரசுப் பள்ளி. மேட்டில் நாங்கள், நிலக்காரர்கள். கரையோரப் பள்ளத்தில் காலனி. அந்தக் காலனியிலிருந்து படித்து வந்து, சொந்த ஊர்ப் பள்ளியிலேயே ஆசிரியையாகச் சேர்ந்த முதல் ஆள் செஞ்சம்மா டீச்சர். நான் அப்போது அங்கே சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன்.

பள்ளி ஆண்டு மலருக்கு ஊர் வரலாறு எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டார். கோயில், தேர், தோப்பு என்று இரண்டு பக்கம் வரும் என்று நினைத்திருப்பார். டீச்சர் ஒரு நோட்டு முழுக்க எழுதிக்கொண்டு வந்தார். ஊற்றுக்கால்வாயின் தலைமடையில் தண்ணீர்ச் சண்டையில் மணிக்கட்டு வெட்டப்பட்டவர், கங்கையம்மன் ஊர்வலம் காலனிக்குள் வருமா வராதா என்ற சண்டையில் கண் போனவர், தறியோடு வீடு எரிந்து ஒரே வாரத்தில் புத்தூருக்குப் போய்விட்ட நெசவாளர் தெரு, எல்லாம் பெயரோடு இருந்தன. தலைமையாசிரியர் முகம் வெளுத்து நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இந்த ஊர் ஜனத்தொகை ஏன் ஏறவே மாட்டேங்குதுன்னு கேப்பீங்களே சார்," என்றார் டீச்சர் என்னிடம். "வெள்ளத்துல போனவங்க கொஞ்சம். வெட்டுல போனவங்க, வெட்டுக்குப் பயந்து போனவங்கதான் அதிகம்."

அந்த மணிக்கட்டை வெட்டியவர் என் தாத்தா. எங்கள் வீட்டில் அது வீரக்கதை. பண்டிகைதோறும் சொல்லிச் சிரிப்போம். வெட்டுப்பட்டவருக்கு ஒரு பெயர் உண்டு என்பதே டீச்சரின் நோட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. சின்னத்தம்பி என்று பெயராம். கை போன பிறகு பிச்சை எடுத்துச் செத்தாராம்.

பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. காலனி முழுவதும் டீச்சர் பொறுப்பு. அவருக்கு மேற்பார்வையாளர் நான். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கணக்கெடுக்க வருகிறவரிடம் பிள்ளைகளின் தொகையை முழுதாகச் சொல்ல மாட்டார்கள். தலையை எண்ணினால் தலை போகும் என்று ஒன்றைக் குறைத்தே சொல்வார்கள். என் அம்மாவும் நாங்கள் மூன்று பேர் இருக்க இரண்டு என்றுதான் சொல்வார். டீச்சர் இதைத் தாண்ட ஒரு வழி வைத்திருந்தார். எத்தனை பேர் என்று கேட்கவே மாட்டார். வாசலில் கழுவிக் கவிழ்த்திருக்கும் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே, "ராத்திரி எத்தினி பேரு துன்னீங்க?" என்பார். உண்மை தானாக வெளியே வந்துவிடும்.

மங்கம்மா வீட்டில் ஐந்து தட்டு. மங்கம்மா, கணவர், இரண்டு பெண்கள், கடைசியாக சேகர். சேகருக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் வாந்திபேதியில் போயிருந்தன. ஊசி போட வந்தவரிடம் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் சொன்னதால்தான் போயின என்று மங்கம்மா நம்பினார். அதனால் சேகரின் பெயர் ரேஷன் அட்டையில் இல்லை. செங்கல் சூளைக்குக் கூடவே கூட்டிப் போய்விட்டதால் பள்ளிப் பதிவேட்டிலும் இல்லை. டீச்சர் மட்டும் படிவத்தில் ஐந்தாவது வரியில் சேகர் என்று எழுதினார்.

சரிபார்க்கப் போன என் கையை மங்கம்மா பிடித்துக்கொண்டார். "நாலுதான் சார். டீச்சர் தப்பா எழுதிட்ச்சு. உனக்குப் புண்ணியமா போவும், அடிச்சுடு சார்." நான் அந்த வரியை அடித்துவிட்டு நாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு தாயின் மனதைக் குளிர வைத்ததாகப் பெருமை வேறு. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "நீங்களும் இந்த ஊர்க்காரர்தானே சார்," என்று மட்டும் சொன்னார்.

ஆறு வருடம் கழித்து ஆற்றில் மணல் டிராக்டர்கள் இறங்கின. முன்னால் நின்றவன் என் தம்பி ஜெகதீசன். காலனியின் குடிநீர்க் கிணறு வற்றியது. ஒரு நாள் காலனி ஆண்கள் டிராக்டர்களை மறித்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, பிள்ளைகள் பிரார்த்தனைக்கு நின்றுகொண்டிருந்தபோது, கரையிலிருந்து புகை கிளம்பியது.

டீச்சர் ஓடினார். நானும் ஓடினேன், ஆனால் கரைமேல் நின்றுவிட்டேன். கீழே எங்கள் ஆட்கள் தடியும் கடப்பாரையுமாக வீடு வீடாகப் புகுந்துகொண்டிருந்தார்கள். கூரைகள் எரிந்தன. கட்டிப்போட்ட எருமை ஒன்று தீயில் கத்தியது. ஒரு கிழவரைத் தலைமயிரைப் பிடித்துத் தெருவில் இழுத்தார்கள். மறிக்கப் போன டீச்சரின் இடது காதோரம் ஒரு தடி இறங்கியது. அவர் உட்கார்ந்தார், எழுந்தார், ரத்தம் ஒழுக ஒழுக மறுபடியும் மறித்தார். அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை.

சேகர் ஆற்றுக்குள் ஓடினான். அப்போது இருபது வயதிருக்கும். என் தம்பி பின்னாலேயே ஓடி, ஒரு மணல் குழியருகே அவனைக் கடப்பாரையால் அடித்தான். ஒரு முறை அல்ல. அடித்து முடித்த பிறகு உடம்பைக் குழிக்குள் தள்ளி டிராக்டரால் மணலை மூடினார்கள். இரண்டாம் நாள் மேலே எங்கோ பெய்த மழையில் ஆறு வந்தது. குழியும் இல்லை, உடம்பும் இல்லை.

விசாரிக்க வந்த அதிகாரி அந்தக் கணக்கெடுப்புப் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு காலனியைத் தலை எண்ணினார். மங்கம்மா வீட்டுக்கு வந்ததும், "எந்தமந்தி?" எத்தனை பேர் என்று தெலுங்கில் கேட்டார். பட்டியலில் நாலு, எதிரே நிற்பது நாலு. "அந்தரூ உன்னாரு கதா," எல்லோரும் இருக்கிறார்களே, என்று சொல்லிப் பேனாவை மூடினார். மங்கம்மா மண்ணில் விழுந்து புரண்டார். "அஞ்சு சாமி, அஞ்சு! நாந்தான் பொய் சொன்னேன்!" முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அன்று ஒரு முழு மனிதனை மறைத்தார்கள். அதற்குக் காகிதம் கொடுத்தவன் நான்.

தலையில் கட்டோடு டீச்சர் என்னிடம் வந்தார். "நீங்க அடிச்ச வரி போனா போவுது சார். கரைமேல நின்னுக்கினு இருந்தீங்க. பார்த்தீங்க. அதைச் சொல்லுங்க."

"நான் ஒண்ணும் பார்க்கல டீச்சர்."

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. நீங்க ஆளையே அளக்காம போட்டுட்டீங்க சார்." அவ்வளவுதான் சொன்னார்.

அதன் பிறகு பதினோரு வருடம் ஒரே ஆசிரியர் அறையில் இருந்தோம். கேட்காத காது என் பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமைகளில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மங்கம்மாவைக் கூட்டிக்கொண்டு சித்தூருக்கு மனுக் கொடுக்கப் போவார். ஒருமுறை திரும்பி வரும் வழியில் பேருந்தை நிறுத்தி அவரை இறக்கி, நடு ரோட்டில் செருப்பால் அடித்தார்கள். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வகுப்புக்கு வந்து வாய்ப்பாடு நடத்தினார். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் போனார். அடித்தவர்களில் என் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். நான் பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டிக்கொண்டு, அவருக்கு மருந்துக் கடையில் களிம்பு வாங்கி வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இன்று நினைத்தால் அந்தக் கோபம்தான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருக்கிறது.

இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். உடம்பு பாதியாகியிருந்தது. நல்ல காதை என் பக்கம் திருப்பினார்.

"மங்கம்மா இன்னும் உசுரோட கீது சார். நான் பூட்டா அதோட மனுக் கொடுக்கப் போறதுக்கு ஆள் இல்ல. நீங்க பார்த்தீங்களா இல்லியா?"

நர்ஸ் வந்தாள். அதைச் சாக்காக வைத்து எழுந்து வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை மாலை அடக்கம். காலனியின் இடுகாடு அக்கரையில் இருக்கிறது. வறண்ட ஆற்றைக் கடந்துதான் தூக்கிப் போக வேண்டும். பெண்கள் வழக்கமாக ஆற்றைத் தாண்டுவதில்லை. மங்கம்மா தாண்டினார், யாரும் தடுக்கவில்லை. என்னைப் பார்த்து இளைஞர்கள் இரண்டு பேர் சட்டையைப் பிடித்தார்கள். எத்திராஜ் விலக்கிவிட்டார். கரைமேல் தன் டிராக்டரில் சாய்ந்தபடி என் தம்பி பார்த்துக்கொண்டு நின்றான்.

உடலைக் குழியில் இறக்கியதும் நான் மங்கம்மாவின் முன்னால் போய் நின்றேன். சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். யார், எதனால், எத்தனை அடி, எந்த இடம்.

"கடைசியா இன்னா சொன்னான்?" என்று கேட்டார் மங்கம்மா.

இதை நான் யாரிடமும், எனக்கு நானேகூட, சொல்லிக்கொண்டதில்லை. "என்னைத்தான் கூப்பிட்டாம்மா. 'சார், சொல்லுங்க சார்'னான். நான் நின்னுக்கினே இருந்தேன்."

மங்கம்மா குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி என் முகத்தில் அடித்தார். மறுபடியும் வாரினார், மறுபடியும் அடித்தார். கண்ணில், வாயில், எங்கும் மணல். நான் துடைக்கவில்லை. மூச்சு வாங்கி நின்ற பிறகு அவர் சொன்னார்: "போ. டீச்சருக்கு மண்ணு போடு. போட்டுட்டு ஸ்டேஷனுக்குப் போ."

மூன்று பிடி போட்டேன். அன்று இருட்டுவதற்குள் தம்பி வீட்டுக்கு வந்து என்னை அடித்தான். உதட்டில் நான்கு தையல். பேசச் சிரமம், எழுத முடிகிறது.

டீச்சர், நீங்கள் நிம்மதியாகக் கிளம்பலாம். வெள்ளிக்கிழமை காலை மங்கம்மாவும் எத்திராஜும் என்னோடு வந்தார்கள். வாக்குமூலம் எழுதியவர் இறந்தவர் பெயர் கேட்டார். சேகர், மங்கம்மாவின் மகன் என்றேன். கொன்றவர் பெயர் கேட்டார். ஜெகதீசன் என்றேன். அவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்றார். என் தம்பி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.