மார்கழியில் வெளுத்த டாங்கி

கறுப்புப் பெயிண்ட் அடித்த பெட்ரோல் டாங்கி என் கண்ணெதிரே வெள்ளையாகிக்கொண்டு வந்தது. முதலில் ஓரத்தில் லேசான மங்கல். பிறகு, கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அதுபோல மேலெல்லாம் பரவிவிட்டது. ஸ்பிரே கன்னைக் கையில் பிடித்தபடி நான் நின்றேன். காலால் காற்றுப் பம்பை மிதித்துக்கொண்டிருந்த என் மனைவி செங்கேணி, மிதிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“இன்னா மாமா, மோட்டார் சைக்கிளுக்கு விபூதி பூசிட்டே?”

மறுநாள் அந்த மோட்டார் சைக்கிளில்தான் ஒரு மாப்பிள்ளை நிக்காவுக்கு வர வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு வந்தது.

1. மாட்டுக் கொட்டாய் பட்டறை ஆன விதம்

இப்போது கம்ப்ரஸர் வைத்துச் சொகுசாக வேலை செய்யும் தம்பிகளுக்கு அந்தக் காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் இன்னும் மூட்டை கட்டாத சமயம். ஆவடி மிலிட்டரி டெப்போவில் மிச்சமான சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். டிஸ்போசல் என்று பேர். மோட்டார் சைக்கிள்கூட வந்தது. எல்லாம் ஒரே மிலிட்டரிப் பச்சை. ஏலத்தில் எடுத்தவர்கள் எல்லோரும் அதைக் கறுப்பாக்க ஆள் தேடினார்கள்.

நான் அப்போது பூந்தமல்லி ரோட்டில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பிரஷ் பெயிண்டர். நான் அடித்தால் பெயிண்ட் மெழுகுவத்தி மாதிரி ஒழுகும். மேஸ்திரி எனக்கு ‘ஒழுகல் கன்னியப்பன்’ என்று பேர் வைத்தார். பத்துப் பேர் நடுவில், “யாருடா அங்க, அந்த ஒழுகல கூப்புடு” என்பார். ஒருநாள் ரோஷம் வந்து வேலையை விட்டேன். மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய ஸ்பிரே கன், டிஸ்போசலில் லாரி டயருக்குக் காற்றடிக்கும் கால் பம்பு, காற்றைப் பிடித்துவைக்க ஒரு இரும்பு உருளை. பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பக்கம் எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டாய் காலியாக இருந்தது. பட்டறை தயார்.

எங்கள் வீடு என்றேன். உண்மையில் அது என் அக்கா முனியம்மாவின் வீடு. அக்கா மகளைத்தான் நான் கட்டியிருந்தேன். ஆகவே எனக்கு மாமியாரும் அவளே. மாமியார் என்றால் கொஞ்சம் மரியாதை கிடைக்கும். அக்கா என்றால் அதுவும் கிடையாது.

வேலை செய்யும் விதம் இதுதான். செங்கேணி பம்பை மிதிப்பாள், நான் அடிப்பேன். அவள் மிதி ஒரே சீராக இருந்தால் பெயிண்ட் பனிபோல விழும். கோபம் வந்து நிறுத்தினால் கன் துப்பும். டாங்கியின் மேல் கமலாப்பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக எழும்பும். எங்களுக்குள் சண்டை என்பதை அக்கம்பக்கத்தார் மட்கார்டைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

அக்காவுக்கு இதெல்லாம் கவலை இல்லை. அவள் கவலை அடுப்பு. பெயிண்டில் கலக்கும் தின்னர் சட்டென்று பற்றிக்கொள்ளும் சரக்கு. கொட்டாய்க்கு ஒட்டினாற்போல அடுப்பங்கரை. ஆகையால் நான் கன்னை எடுத்தால் அவள் அடுப்பை அணைக்க வேண்டும்.

“நீ கலர் அடிக்கிற நாளெல்லாம் எனக்கு ஏகாதசியா?” என்று கேட்டாள். “இதோ பார்றா கன்னியப்பா, இந்த ஒரு வண்டிய ஒழுங்கா முடி. முடிச்சா கொட்டாய் உன்னுது. கெடுத்தியோ, பம்பு கிம்பு எல்லாத்தையும் ஏரில போட்டுட்டு பட்டறைக்குப் போய் மேஸ்திரி கால்ல உழு.”

2. காசிம் பாயின் பச்சை வண்டி

அந்த ஒரு வண்டி காசிம் பாயுடையது. பூந்தமல்லியில் வளையல் கடை வைத்திருந்தார். ஏலத்தில் மோட்டார் சைக்கிள் எடுத்து, அதிலிருந்து டாங்கியையும் மட்கார்டுகளையும் கழற்றி ஜட்காவில் கொண்டுவந்து இறக்கினார்.

“அண்ணாத்தே, தங்கச்சி நிக்கா வெள்ளிக்கிழம. மாப்ள குதுர வேணாம், மோட்டார் சைக்கிள்ளதான் வருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. இந்தப் பச்சையோட வந்தா பொண்ண அரஸ்ட் பண்ண வந்துக்கிறாங்கன்னு ஊரே சிரிக்கும். கறுப்பாக்கிக் குடு.”

“கவலைய உடு பாய். மாப்ள டாங்கியப் பாத்தே தலை வாரிக்கலாம்” என்றேன்.

வாய் எனக்கு எப்போதும் கைக்கு முன்னால் போகும்.

புதன்கிழமை உச்சி வெயிலில் மட்கார்டுகளை அடித்தேன். கறுப்பு நன்றாக வந்தது. ஆனால் ஏரிக்கரை மண்ணெல்லாம் காற்றில் வந்து ஒட்டி, எள்ளு முறுக்கு மாதிரி ஆகிவிட்டது. தேய்த்து மறுபடி அடித்துச் சரிசெய்தேன். டாங்கிக்கு அப்படி ஆகக் கூடாது என்று ராத்திரி முழுக்க யோசனை. யோசித்ததுதான் தப்பு.

வியாழக்கிழமை விடியற்காலை அக்கா சாணம் கரைத்து வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். தெளித்த இடத்தில் தூசி எழும்பவில்லை. ஆகா, இதுவல்லவா வழி என்று குடம் குடமாகக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டாய்க்குள்ளும் சுற்றியும் தெளித்தேன். மார்கழிப் பனி வேறு ஏரிமேல் புகைபோல நின்றது. காற்று அசையவில்லை. ஒரு பொட்டுத் தூசி இல்லை. ரொம்பத் திருப்தியாக டாங்கியை அடித்தேன்.

பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேனே.

3. உப்பு ஜாடி

தின்னர் கடைக்காரனைத் திட்டினேன். பெயிண்டைத் திட்டினேன். திருஷ்டி என்றேன். டாங்கியை வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மறுபடி அடித்தேன். முன்னைவிட நன்றாக வெளுத்தது. அந்த நேரம் பார்த்துக் காசிம் பாய் சைக்கிளில் வந்து இறங்கினார். டாங்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அண்ணாத்தே, நான் கறுப்புதான கேட்டேன்?”

“காய்ஞ்சா கறுத்துடும் பாய்.”

“காய்ஞ்சு வெளுக்கும், பாத்திருக்கேன். காய்ஞ்சு கறுக்குமா?”

அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அப்படியே பம்பின் பக்கத்தில் குந்திவிட்டார். “மாப்ள ஊட்டுக்காரங்க ஏற்கெனவே ஒரு மாதிரி. இன்னா சொல்லப்போறேன்னு தெரில” என்றார்.

அடுப்பு மூட்ட முடியாமல் காலையிலிருந்து பட்டினியாக நின்ற அக்கா வெடித்தாள்.

“டேய், குளம் மாதிரி ஆக்கிவச்சிக்கிறியே! இந்த ஈரத்துல உப்பு ஜாடியே தண்ணி உட்டுகினு கீது. உன் பெயிண்ட் மட்டும் இன்னா தனியா?”

“உப்பு வேற, பெயிண்ட் வேற அக்கா. நான் தண்ணிய டாங்கி மேலயா ஊத்துனேன்? தரையிலதான?”

செங்கேணி குறுக்கே வந்தாள். “நேத்து மட்காடு கறுப்பா வந்துச்சில்ல மாமா? நேத்து நீ தண்ணி தெளிக்கல. வெயிலும் இருந்துச்சு.”

மூலையில் கறுப்பாகப் பளபளத்த மட்கார்டை ஒரு தடவை தடவிப் பார்த்தேன். பிற்பாடுதான் காரணம் புரிந்தது. தின்னர் ஆவியாகிப் பறக்கும்போது தகரம் சில்லென்று ஆகிவிடும். சுற்றியுள்ள காற்றில் ஈரம் இருந்தால் அது பெயிண்டில் போய்ப் படிந்து வெளுக்கும். அன்றைக்கு அது தெரியாது. மனைவி சொல்வதைக் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

டாங்கியை மறுபடி தேய்த்து, துடைத்து, கை பொறுக்கும் சூடு ஏறும்வரை வெயிலில் வைத்தோம். தரையும் காய்ந்தது. தரை காய்ந்ததும் ஏரிக்கரையிலிருந்து காற்றும், கூடவே மண்ணும் வந்தன. தண்ணீர் தெளித்தால் வெளுக்கும். தெளிக்காவிட்டால் எள்ளு முறுக்கு. பாய்க்கு இருப்பது இந்த ஒரு பகல், எனக்கும் அதேதான். மேஸ்திரியின் கால் என் கண்ணில் நிற்கிறது.

“சுத்திலும் சேல கட்டி மறச்சா?” என்றாள் செங்கேணி. தன் சேலையைக் கொண்டுவந்தாள். பட்டு கிடைக்காத யுத்தக் காலத்தில் என்னைக் கட்டிக்கொண்டவள். கல்யாணச் சேலையே நூல் சேலைதான்.

“நூல் சேல வேணாம். பஞ்சு பறந்து ஒட்டிக்கும். பட்டுன்னாதான்...” என்று இழுத்தேன்.

வீட்டில் பட்டு என்றால் ஒன்றே ஒன்று. அக்காவின் கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழ மஞ்சள் ஆரணிப் பட்டு. அதைக் கேட்கும் தைரியம் எனக்கில்லை. அக்கா என்னை ஒரு முறை முறைத்தாள். காசிம் பாய் குந்தியிருந்ததையும் பார்த்தாள். உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

“கல்யாணப் பொண்ணு காரியம். அதுக்காகத் தரேன். உனுக்காக இல்ல” என்று பட்டை என் தோளில் போட்டாள். “கறை பட்டுச்சுன்னா உன் தோல உரிச்சிடுவேன்.”

கறை படாமல் எப்படி இருக்கும்? கயிறு கட்டி, டாங்கியைச் சுற்றிப் பட்டைத் தொங்கவிட்டோம். பாய் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அக்கா தானாக வந்து இன்னொரு முனையைப் பிடித்தாள். செங்கேணி மிதித்தாள். அடித்து முடிக்கும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசினால் அவள் சிரிப்பாள், மிதி தவறும்.

டாங்கி கறுப்பாக வந்தது. கறுப்பாகவே நின்றது. பாய் குனிந்து அதில் தன் முகத்தைப் பார்த்துத் தாடியைத் தடவிக்கொண்டார். அக்கா அதைப் பார்க்கவே இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய், கிணற்றுக்கு அந்தப் பக்கம் புது அடுப்புக்கு இடம் வெட்ட ஆரம்பித்தாள்.

தம்பிகளுக்கு இதில் பாடம் ஒன்று உண்டு. தூசி கண்ணுக்குத் தெரியும் எதிரி, ஈரம் தெரியாது. மழை, பனி நாளில் கன்னைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால் வெயில் ஏறட்டும், பொருள் சூடேறட்டும். வீட்டில் இருப்பவர்கள் ஏதாவது சொன்னால், முதல் தடவையே காது கொடுங்கள். எனக்கு இரண்டு கோட் பெயிண்ட் வீணான பிறகுதான் காது திறந்தது.

வெள்ளிக்கிழமை பாய் எங்கள் எல்லோரையும் நிக்காவுக்கு அழைத்திருந்தார். மாப்பிள்ளை டபடபவென்று வந்து இறங்கினார். பையன்கள் வண்டியை மொய்த்துக்கொண்டார்கள். அக்கா அந்தப் பட்டையே கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மஞ்சள் பட்டில், இடுப்பிலிருந்து கால்வரை மிளகு தூவினாற்போலக் கறுப்புப் புள்ளி. பந்தியில் ஒரு அம்மாள் கேட்டாள்:

“இன்னா முனிம்மா, பட்டெல்லாம் மை கொட்டிகிச்சா?”

“மையா?” என்றாள் அக்கா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “வாசல்ல ஒரு வண்டி நிக்குது பாரு, கண்ணாடி கணக்கா. அது என் தம்பி அடிச்சது. அதுல மிச்சம் இது.”

எதிர் வரிசையில் நான் பிரியாணி இலைமேல் குனிந்திருந்தேன். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு இலையில் கிடந்த மிளகை ஒவ்வொன்றாக ஓரம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.