நெஞ்சு டாக்டர் எழுதிய வயிற்று மாத்திரை

நெஞ்சு நோய் கிளினிக்கில் நர்ஸாக இருந்தவர்களுக்குத் தெரியும்: டாக்டர் எழுத ஒரு நிமிடம், அதை விளக்க நமக்கு ஓர் ஆயுள். தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு சின்ன கிளினிக்கில் நானும் விளக்கிக்கொண்டிருந்தேன். என்னை அதிகம் விளக்க வைத்தவர் சவரிமுத்து. தோல் பதனிடும் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்தவர். நாட்பட்ட நுரையீரல் நோய். படுத்தால் இருமல் பிடுங்கும். அதனால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்வார். ஒரு ராத்திரியாவது மல்லாந்து படுத்துத் தூங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை எதையும் அவர் என்னிடம் சொன்னதில்லை.

சீட்டு

இன்ஹேலர் ஏற்கெனவே இருந்தது. அதோடு இந்த முறை டாக்டர் ஒரு வயிற்று மாத்திரையும் எழுதினார். வயிற்றுப் புளிப்பு மேலே ஏறித் தொண்டையைத் தொட்டால் இருமல் கூடலாம், எல்லாருக்கும் அப்படியில்லை, இவருக்கு நெஞ்செரிச்சலும் இருப்பதால் கொடுத்துப் பார்ப்போம் என்றார். நான் என் வயிற்றையும் தொண்டையையும் தொட்டுக் காட்டி விளக்கினேன். சவரிமுத்து மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இது எனக்குத்தானா? வயித்து வலிக்காரன் எவனாச்சும் என் சீட்டத் தூக்கிட்டுப் போயிட்டானா சிஸ்டர்?"

அரை மணி நேரம்

காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, அரை மணி நேரம் கழித்துச் சாப்பாடு. இதை நான் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். இரண்டு வாரம் கழித்து வந்தவர் ஒரு முன்னேற்றமும் இல்லை என்றார். மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள் என்று கேட்டேன். டீயோடு என்றார். பிறகு இன்னொரு டீ, அதில் நனைத்து நாலு ரஸ்க். அதற்குப் பிறகு அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்து இட்லி.

"டீயை எப்ப சிஸ்டர் சாப்பாட்டுல சேத்தாங்க?"

தவக்காலம்

டீ விவகாரம் ஒருவழியாகத் தீர்ந்தபோது, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் வந்தது. ராத்திரி ஏழு மணிக்குள் அரை வயிறு சாப்பிட்டு முடித்துவிடுங்கள், உடனே சாய வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். மனுஷர் வெள்ளிக்கிழமை பகலெல்லாம் பட்டினி. சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டு ஒன்பது மணிக்கு வந்து, நாள் முழுவதற்கும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு அப்படியே சாய்ந்திருக்கிறார். சனிக்கிழமை காலை மூச்சிரைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது, கொட்டிவிட்டேன். அவர் அமைதியாகப் பதில் சொன்னார்.

"பட்டினி ஆண்டவருக்காக இருந்தது சிஸ்டர். ராத்திரி சாப்பிட்டது எனக்காக."

ரசமட்டம்

டாக்டர் கடைசியாக, கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார். சவரிமுத்துவின் மருமகன் கொத்தனார் என்பதால் இந்த ஒரு காரியமாவது ஒழுங்காக நடக்கும் என்று நம்பினேன். அவரும் நல்ல செங்கலாகப் பொறுக்கி, கட்டிலின் நான்கு கால்களுக்கும் வைத்து, மேலே மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைப் போட்டுப் பார்த்து, நூல் பிசகாமல் முடித்திருந்தார். கட்டில் உயர்ந்தது, மாமனார் படுத்த கோணம் மாறவில்லை. மருமகனை வரச்சொல்லி, கால்மாட்டுச் செங்கலை எடுக்கச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

"கோணலா நிக்கிற கட்டிலப் பாத்தா, அடுத்து எவன் சிஸ்டர் என்னைச் சுவர் எழுப்பக் கூப்பிடுவான்?"

ஆரோக்கியம்மாள்

செங்கலை எடுத்த பத்துப் பதினைந்து நாளில் சவரிமுத்துவின் மனைவி ஆரோக்கியம்மாள் தனியாக வந்தார். கண் சிவந்து வீங்கியிருந்தது. எங்கள் கிளினிக்கில் மனைவி மட்டும் வந்து நல்ல சேதி சொன்னதாக எனக்கு நினைவில்லை. கையைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்தேன்.

"படுத்துத்தான் தூங்குறாரு சிஸ்டர். எனக்குத்தான் தூக்கம் போச்சு. இம்புட்டு வருசமா இருமலக் கேட்டுக்கிட்டே தூங்குனவ. இப்பச் சத்தமே இல்ல. இருக்காரா போயிட்டாரான்னு செத்த நேரத்துக்கு ஒருக்கா உசுப்பிப் பாக்குறேன். 'தாயி, என்னையத் தூங்க விடு'ன்னு நேத்துக் கையெடுத்துக் கும்புட்டுட்டாரு."

ஒருவருக்கு நோய் குறைந்தால் அது வீட்டில் இருப்பவர்களுக்குப் பழக எத்தனை நாளாகும் என்று மட்டும் எந்த டாக்டரும் எழுதித் தருவதில்லை.