பூலாங்கரைக்குப் போன ஆர்மோனியப் பெட்டி

காலை ஆறே முக்காலுக்குச் சேலம் பேருந்து நிலையத்தில் நான் பிடித்த ஜன்னலோர இடம், ஏழு மணிக்குள் பாதியாகிவிட்டது. மீதிப் பாதியில் ஓர் ஆர்மோனியப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

பழைய போர்வையில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்த அந்தப் பெட்டியோடு ஏறிய பெண்மணிக்கு நாற்பது வயது இருக்கலாம். கண்டக்டர் பார்த்த உடனே தடுத்தார்.

"அக்கா, அதக் கொண்டுபோயி டாப்புல போடுங்க."

"டாப்புல போட்டா வளைவுக்கு வளைவு உருளுமுங்க தம்பி. ரெண்டு வருசம் கழிச்சு இப்பத்தான் ரிப்பேரு பண்ணி எடுத்துட்டுப் போறேன். வேணும்னா அதுக்கும் ஒரு டிக்கெட்டுப் போட்டுருங்க. அது உக்காரட்டும், நான் நின்னுக்கறேன்."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். திருச்சியிலிருந்து இரவெல்லாம் இடிபட்டு வந்து, மலையைப் பார்க்கவென்றே பிடித்த இடம் அது. ஆனால் பேருந்தில் இருந்த எல்லாரும் சேர்ந்து பார்க்கும்போது மனிதன் எத்தனை நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்க முடியும்? நகர்ந்துகொண்டேன். பெட்டியின் ஒரு மூலை என் தொடையில் குத்தியது. ஏற்காட்டுக்கு டிக்கெட் நான்கு ரூபாய். தொடைக்குத் தனியாகத் தள்ளுபடி ஏதும் இல்லை.

எண்பதுகளின் நடுவில், ஒரு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. நான் போய்க்கொண்டிருந்தது ஏற்காட்டுக்கு அல்ல, அதற்கும் அப்பால் நாகலூரிலிருந்து மூன்று மைல் நடந்து சேர வேண்டிய பூலாங்கரை என்ற சின்ன ஊருக்கு. அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் பாடுவார், இல்லையென்றால் கொட்டுவார், இல்லையென்றால் கிரீடம் செதுக்குவார் என்று அலுவலக நண்பர் ஒருவர் வாய் ஓயாமல் சொல்லியிருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அவர்கள் கூத்தைப் படம் பிடிக்க, புது பிலிம் ரோல் போட்ட காமிராவும், மனைவி கழுத்தில் கட்டி அனுப்பிய மஃப்ளருமாகக் கிளம்பியிருந்தேன்.

அடிவாரம் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது, பெட்டியும் அதே ஊருக்குத்தான் போகிறது என்று. பெண்மணியின் பெயர் செல்லம்மா. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர்.

"எங்கண்ணன்தானுங்க இதுக்கு முந்தி வாசிச்சது. அது திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருச்சு. இன்னைக்கு நான் வாசிக்கறேன்."

"கூத்திலா?"

"ஆமாங்க. பொம்பள பொட்டி முன்னால உக்காந்ததே இல்லைன்னு ஊருல ஒரே பேச்சு. கடசியா எங்க வாத்தியார் ஒத்துக்கிட்டாருங்க. இன்னைக்கு ஒரு கூத்து. ஒழுங்கா முடிச்சா பொட்டி எனக்கு. இல்லீன்னா அடுத்த வருசத்துல இருந்து ஓமலூர்ல ஆள் புடிச்சுக்குவாங்க."

வாத்தியார் என்றால் பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லை, கூத்துக் குழுவின் தலைவர். பெயர் பெரியண்ணன். அவர்தான் எப்போதும் ராஜா வேஷம்.

"பெட்டிதான் ரெண்டு வருஷமாகக் கெட்டுக் கிடந்ததே, எதில் பழகினீர்கள்?" என்று கேட்டேன்.

"பலகையிலங்க. கரிக்கட்டையில கறுப்புக் கட்ட, வெள்ளக் கட்ட எல்லாம் கோடு போட்டு வெச்சிருக்கேன். வெரல் பலகையில போவும், சத்தத்த நானே வாயில பாடிக்குவேன்."

எனக்குப் பகீரென்றது. பலகையில் பழகிவிட்டுக் கூத்துக்கு உட்காரப் போகிறாராம்! "நன்றாக வாசிப்பீர்களா?" என்று கேட்டே விட்டேன். நாகரிகமான கேள்வி இல்லைதான்.

"கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான்.

எட்டு மணி இருக்கும். பதின்மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பேருந்து பெருமூச்சு விட்டு நின்றது. ரேடியேட்டர் கொதித்து முன்பக்கம் முழுக்க ஆவி. எல்லாரும் இறங்கினோம். கீழே சேலம் வெயிலில் தகதகவென்று கிடந்தது. மேலே குளிர் காத்துக்கொண்டிருந்தது. டிரைவர் ஊற்றுத் தண்ணீரைத் தேடிப் போய்ப் பிடித்து வந்து ஊற்றினார், மறுபடியும் போனார், மறுபடியும் ஊற்றினார். வண்டி உறுமியது, அடங்கியது. செல்லம்மா மட்டும் இறங்கவில்லை. பெட்டியை அணைத்துக்கொண்டு, அதன் மேல் விரல்களை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கூத்து இரண்டு மணிக்கு. மற்ற ஊர்களில் கூத்து இரவில் நடக்கும். பூலாங்கரையில் பகலில்தான். மறுநாள் விடியற்காலையில் எஸ்டேட்டில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. கண் விழித்துவிட்டு அங்கே போய் நிற்க யாராலும் ஆகாது.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பதினொன்றரைக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். நாகலூர் பேருந்து அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது, அடுத்தது மூன்று மணிக்கு. செல்லம்மாவின் முகம் முதல் தடவையாக வாடியது. ஏரிப் பக்கம் சுற்றுலாக் கூட்டம் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தது. எனக்கு அவர்கள் மேலெல்லாம் காரணமில்லாத கோபம் வந்தது. நான் எதற்கு இப்படித் தவிக்கிறேன் என்று எனக்கே வியப்பாக இருந்தது. காலையில் இடத்துக்காக முறைத்தவன் நான்!

எங்கள் டிரைவர்தான் வழி செய்தார். பலாப்பழம் ஏற்றிக்கொண்டு நின்ற எஸ்டேட் ஜீப்பின் ஓட்டுநரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"ஏனுங்க, இவங்கள நாகலூர்ல எறக்கி உடுங்க. என் வண்டி கொதிச்சதுக்கு அவங்க கூத்து நிக்கலாமுங்களா?"

எட்டு கிலோமீட்டர் தூரமும் பலாப்பழ முள்ளின் மேல் உட்கார்ந்து போனோம். அந்த ஜீப் ஓட்டுநர் சல்லிக்காசு வாங்கவில்லை. ஒரு பழத்தை என் மடியில் வைத்து, "கூத்துக்காரங்களுக்குக் குடுங்க" என்றார். ஆக, நாகலூரிலிருந்து மூன்று மைல் ஏற்றத்தில் செல்லம்மா தலையில் ஆர்மோனியம், என் தோளில் காமிராவும் பலாப்பழமும். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போகும் அந்த ஒற்றையடிப் பாதையைப் பற்றி அழகாக எழுத ஆசைதான். ஆனால் நான் பார்த்ததெல்லாம் என் கால்விரல்களைத்தான்.

இரண்டு மணிக்குச் சற்று முன்பு ஊருக்குள் நுழைந்தோம். களைப்பு அப்படியே இறங்கிப் போயிற்று. சின்னச் சின்ன வீடுகள், சுவரெல்லாம் செம்மண்ணிலும் சுண்ணாம்பிலும் பெண்கள் எழுதிய மயில், காட்டெருமை, மிளகுக் கொடி. ஒரு வாசலில் ஒருவர் கல்யாண முருங்கைக் கட்டையில் புஜக்கட்டை செதுக்கிக்கொண்டிருந்தார். காப்பிக்கு நிழல் தரும் மரம்தான், காற்றில் முறிந்து விழுந்தால் இங்கே ராஜாவின் தோளில் ஏறிவிடுகிறது. அடுத்த வீட்டில் முகவீணை என்கிற குட்டி நாதசுரம், அதற்கடுத்த வீட்டில் தோசைக்கல்லோடு சேர்ந்து யாரோ ஜதி சொல்லிக்கொண்டிருந்தார்கள். நண்பர் சொன்னது கொஞ்சமும் மிகையில்லை.

பழம் பறிப்பு முடிந்து காலியாகக் கிடந்த காப்பிக் களம்தான் மேடை. அகலமான சிமெண்டுத் தரை, மூன்று பக்கம் சனம், நாலாவது பக்கம் காப்பிச் செடிகள். பெரியண்ணன் முழு வேஷத்தில் நின்றிருந்தார். கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், சிவப்புப் பூச்சு, முறுக்கிய மீசை. மலை விவசாயி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"வந்துட்டியா அம்மிணி? ஓமலூருக்கே ஆள் அனுப்பியிருக்கோணும்னு நெனச்சேன்" என்றார். சிரிக்கவில்லை.

செல்லம்மா மிருதங்கக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. பெட்டி மூச்சு விட்டது. முதல் சுருதி வந்தது. கணீரென்று, பிசிறில்லாமல் வந்தது.

முதல் ஒன்றரை மணி நேரமும் நன்றாகத்தான் போயிற்று. ஆனாலும் சனம் செல்லம்மாவின் வாசிப்பைக் கேட்டதைவிட அவரைப் பார்த்ததுதான் அதிகம். விரல் எங்கே தடுக்கும் என்று காத்திருப்பது போன்ற பார்வை.

மூன்றரை மணி சுமாருக்கு மஞ்சு இறங்கியது. மூடுபனியை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து எழுந்து, களத்தை நனைத்து, எதிரே இருந்தவர்களை ஒவ்வொருவராக அழித்துக்கொண்டு வந்தது. ஐந்து நிமிடத்தில் என் கையில் இருந்த காமிராவே எனக்குத் தெரியவில்லை. கூத்தை நிறுத்துவார்கள் என்று எழுந்தேன். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"எங்க போறீங்க? இங்க மஞ்சுக்கெல்லாம் நிறுத்தறதில்லீங்க. காதுதான் இருக்குதே."

தம்பியைத் தேடி ராஜா வனத்துக்குள் போகும் கட்டம் அது. "வழி எங்கே வனமே, வழி எங்கே சொல்" என்று பாடியபடி பெரியண்ணன் களத்தைச் சுற்றிச் சுழன்று ஆடினார். சலங்கைச் சத்தம் மட்டும் இடமும் வலமுமாகப் போய் வந்தது. பிறகு அது சிமெண்டில் கேட்கவில்லை. சரசரவென்று இலைச் சத்தம். பாட்டு நிற்கவில்லை, ஆனால் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ராஜா நிஜமாகவே வழி தவறிக் காப்பித் தோட்டத்துக்குள் ஆடிக்கொண்டு போகிறார்!

மிருதங்கம் தடுமாறியது. முகவீணை நின்றே போயிற்று. யாரோ சிரித்தார்கள். அந்த நொடியில் செல்லம்மா துருத்தியை முழுக்க இழுத்து அமுக்கினார். ராஜா பாடிய அதே அடியை, அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, எடுக்கிற இடத்தில் எடுத்து, திரும்பத் திரும்ப வாசித்தார். எதிரே யார் இருக்கிறார் என்று தெரியாத வெள்ளையில் அந்தப் பெட்டி ஒன்றுதான் ஓர் இடத்தில் நிலையாக நின்றது. மிருதங்கம் அதைப் பிடித்துக்கொண்டது. பின்பாட்டுக்காரர்கள் சேர்ந்தார்கள். பிறகு சனமும் சேர்ந்தது. "வழி எங்கே வனமே!" நானும் கத்தினேன். எனக்குப் பாட வராது. யாருக்கும் தெரியாது என்ற தைரியம்தான்.

தோட்டத்துக்குள்ளிருந்து பதில் வந்தது. முதலில் மெல்ல, பிறகு கிட்டே, பிறகு சலங்கை சிமெண்டில் ஏறியது. தாளம் ஒரு மாத்திரை தப்பவில்லை. மஞ்சு கொஞ்சம் விலகியபோது பெரியண்ணன் ஆர்மோனியத்துக்கு நேர் எதிரே நின்றார். கிரீடத்தில் காப்பி இலை, மீசையில் சிலந்தி வலை. அவர் கையை உயர்த்தி, ராஜா குரலிலேயே முழங்கினார்:

"மந்திரி! ஓமலூருக்கு ஆள் அனுப்ப வேண்டாம் என்று நாடெங்கும் அறிவி! இந்தச் சபையில் பெட்டி உள்ளவரை, அதன் முன்னே செல்லம்மாவே அமர்வாள்!"

மந்திரிக்கு இப்படி ஒரு வசனம் பாடத்தில் இல்லை. "ஆகட்டுமுங்க ராஜா" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

அப்போது எழுந்த சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. செல்லம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த பாட்டுக்குச் சுருதி பிடித்துவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மஞ்சு என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கூத்து முடிந்தது. மஞ்சு மறுபடி கெட்டித்திருந்தது. பக்கத்து ஊரான செம்மநத்தத்திலிருந்து வந்திருந்த ஒருவர் இருட்டில் தடவிக்கொண்டு வந்து, முன்னால் நின்ற என்னிடமே கேட்டார்.

"ஏனுங்க, பொட்டி வாசிச்சாரே, அவரு எந்தூருங்க? நாங்க வந்ததே கடசீலதான், அங்க பின்னால மஞ்சுல ஒண்ணுமே தெரியல. நொம்பப் பெரிய கையாட்டம் இருக்குது. எங்கூருக்கும் அனுப்பி வெப்பாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மஞ்சுக்குள்ளிருந்து செல்லம்மாவின் குரல் வந்தது.

"வர்றேனுங்க. ஞாயித்துக்கெழமையா இருக்கோணும். பொட்டிக்கு உக்கார எடம் வேணும்."

அன்றிரவு பெரியண்ணன் ஊட்டில்தான், அதாவது வீட்டில்தான், தங்கினேன். பலாப்பழத்தை அறுத்து முதல் சுளையைச் செல்லம்மாவுக்குக் கொடுத்தனுப்பினார். மறுநாள் காலை நாகலூருக்கு நான் நடந்தபோது பெரட்டு முடிந்து பெண்கள் செடிகளுக்குள் வேலையில் இருந்தார்கள். எங்கேயோ ஒரு வரிசையிலிருந்து "போயிட்டு வாங்க சார், கேட்டுட்டீங்கல்ல?" என்று செல்லம்மா கத்தினார். "கேட்டேன், கேட்டேன்!" என்று நானும் கத்தினேன்.

திருச்சியில் நாங்கள் கச்சேரிக்குப் போனால் முன் வரிசையில் இடம் கிடைத்ததா, யார் யார் வந்தார்கள், பாடகி என்ன புடவை என்பதுதான் வீடு வரும்வரை பேச்சு. இப்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். தூங்குகிறேன் என்று மனைவி இடிக்கிறாள்.

பிலிம் ரோலைக் கழுவக் கொடுத்தேன். கூத்தின்போது எடுத்த படங்களில் பாதிக்கு மேல் வெறும் வெள்ளை. "மூடுபனிதான் சார் விழுந்திருக்கு, பிரிண்ட் வேண்டாமே" என்றார் ஸ்டுடியோக்காரர். ஒன்றை மட்டும் பெரிதாகப் போடச் சொல்லி, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

"செல்லம்மா ஆர்மோனியம் வாசிக்கிறார்" என்கிறேன்.